மூக்குத்திக்காரியின் வழக்கு

பத்து காஜா ஊர் மருத்துவமனையில் மருந்து வாங்கும் முறை எனக்கு மனப்பாடம். முதலில் சீட்டைத் தட்டில் போட வேண்டும். பிறகு எண் வாங்க வேண்டும். பிறகு அந்த எண் எப்போது திரையில் வரும் என்று கவலைப்படாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்துபோய்க் கேட்பவனுக்கு இன்னும் தாமதமாகும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான்; காத்திருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சென்ற வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஓர் இளம்பெண் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒரு வீணை அழுதது. பின்னாலேயே ஓர் உறுமி மேளம் அதை மிரட்டியது. என் முதுகு தானாக நிமிர்ந்தது. மூக்கில், அந்த மருத்துவமனையில் இருக்கவே முடியாத ஒரு வாடை வந்தது. கொசுவர்த்திச் சுருளும், வறுத்த கடலையும் முறுக்குமான கச்சாங் பூத்தேயும் கலந்த வாடை.

"சவுண்டு கூடவா இருக்கு அங்கிள்? சாரி ஆ."

"இல்லம்மா, நீ பாரு. எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

"பழைய சீரியல் அங்கிள். எங்கம்மா பாத்தாங்களாம். இப்ப எல்லா எபிசோடும் போன்லயே இருக்கு. இந்தப் பாட்டிம்மா இருக்காங்களே, டாக்சிக் லா."

திரைக்குக் கீழே ஊர்பேர் தெரியாதவர்கள் எழுதிய கருத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றையும் காட்டினாள். 'கிழவி சாகட்டும்' என்று ஒருவர். 'ஓடிப்போனவளுக்கு என்ன மரியாதை' என்று இன்னொருவர். கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் ஒரு வரிசை. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வந்து, தீர்ப்பை எறிந்துவிட்டு, போய்விட்டிருந்தார்கள். எதிர்த்தரப்பு இல்லாமல், சாட்சி இல்லாமல், குறுக்கு விசாரணை இல்லாமல். அதே பாட்டியம்மாளை விசாரிக்க நாங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு கொலை வழக்கு மேல்முறையீடு வரை போய்த் திரும்பியிருக்கும்.

நாங்கள் என்றால், ஈப்போவுக்கு வெளியே எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரே வரிசை வீடுகளில் இருந்தவர்கள். பெரும்பாலும் சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்று விற்கப்பட்டபோது வெளியேறி வந்தவர்கள். விசாரணை நடந்த இடம் அஞ்சலை அக்கா வீட்டுக் கூடம். பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர் அஞ்சலை அக்கா. மகன் குமார் வாங்கிக்கொடுத்த வட்டு ஓட்டும் பெட்டி அவர் வீட்டில்தான் இருந்தது. அதனால் ரிமோட்டும் அவர் கையில்தான் இருந்தது. அதிகாரம் எப்படிக் கைக்கு வருகிறது என்பதைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

உங்களில் இளையவர்களுக்கு இது தெரிந்திருக்காது. அப்போது தமிழ்நாட்டுத் தொடர்களை அங்கே ஒளிபரப்பாகும்போதே பதிவு செய்து, வட்டுகளாக்கி, இங்கே கடைகளில் வாடகைக்குக் கொடுப்பார்கள். ஈப்போவில் எங்களுக்குக் கொடுத்தவர் ஒரு பாய். அந்தத் தொழில் சட்டவிரோதம் என்பது எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். திருட்டு வட்டு வழக்குகளில் குற்றப்பத்திரிகையைத் தமிழில் வாசித்துக் காட்டியவனே நான்தான். காலையில் கறுப்பு கோட்டுகளுக்கு நடுவில் நின்று அதை வாசித்துவிட்டு, வேலை முடிந்ததும் பாய் கடைக்குப் போய், "இந்த வாரத்து மூக்குத்தி வந்திருச்சா பாய்?" என்று கேட்பேன். அவரும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன் ஐயா" என்பார். இருவரும் கண்ணியமானவர்கள்.

மூக்குத்தி என்பது அந்தக் கதாநாயகிக்கு நாங்கள் வைத்த பெயர். தொடரில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது, யாரும் சொன்னதில்லை. அவளுடைய அம்மாவுக்கு, இந்தப் பெண் பாட்டிம்மா என்றவளுக்கு, பெரிய பொட்டு என்று பெயர். புருஷனுக்கு நல்லவன் என்று பெயர். கதையும் அவ்வளவுதான். குடிக்காத, அடிக்காத, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிற நல்லவனை விட்டுவிட்டு மூக்குத்தி ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். வேறு ஆள் யாரும் இல்லை. சும்மா போகிறாள். அம்மா, இனி என் வாசலை மிதிக்காதே என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதன்பிறகு பல மாதங்களுக்கு மூக்குத்தி கதவுக்கு வெளியே, பெரிய பொட்டு உள்ளே.

வட்டில் ஒரு வசதி உண்டு. நிறுத்தலாம். யாராவது "நிப்பாட்டு!" என்றால் அஞ்சலை அக்கா பொத்தானை அழுத்துவார். மூக்குத்தி வாயைத் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி உறைந்து நிற்பாள். அவளை அப்படியே நிற்க வைத்துவிட்டு வழக்கு ஆரம்பிக்கும். அரைமணி நேரக் கதை, சாயங்காலம் முழுக்க ஓடும்.

"குடிக்கிறானா? இல்ல. கைய ஓங்குறானா? இல்ல. அப்பறம் என்னாதான் வேணுமாம் அவளுக்கு?" இது மண்டோர் மாமா. தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர்; ஓய்வு பெற்ற பிறகு மேய்க்க நாங்கள்தான் இருந்தோம்.

"அடிக்காம இருக்கறது ஒரு வேலையா மாமா? அதுக்கு மாலை போடணுமா?" இது என் மனைவி ராஜாமணி. மூக்குத்தியின் வழக்கறிஞர்.

"போட்டா என்னா லா? நாங்கல்லாம் அடிச்சோம்."

"அதான் அத்த ஒங்களோட இங்க வர்றதில்லையே, தெரியும் தானே!"

கூடம் சிரித்து அடங்கும். அஞ்சலை அக்கா மட்டும் சிரிக்க மாட்டார். அவர் பெரிய பொட்டின் தரப்பு. "பெத்தவ தல குனிஞ்சி நிக்கிறா. அத யாராச்சும் பாத்தீங்களா? கதவச் சாத்துனது சரிதான். சாத்தித்தான் ஆகணும்." சொல்லிவிட்டு, விவாதம் முடிந்ததென்று அவரே படத்தை ஓடவிடுவார்.

யாரும் அதற்குமேல் பேசமாட்டார்கள். ஏனென்றால் அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் செல்வியைத் தெரியும்.

செல்வி அஞ்சலை அக்காவின் மகள். அவளுக்கு வாய்த்தவனும் ஒரு நல்லவன்தான். எங்கள் வரிசையில் யாரிடமும் அவன் கடிந்து பேசியதில்லை, பேசியதே குறைவு. தொடர் வருவதற்கு முந்தைய ஆண்டு செல்வி ஒரு பையோடு ஜொகூருக்குப் பேருந்து ஏறிவிட்டாள். அங்கே ஏதோ தொழிற்சாலையில் வேலை, பெண்கள் விடுதியில் வாசம் என்று அண்ணன் குமாருக்கு மட்டும் தகவல் வந்தது. அன்று அஞ்சலை அக்கா வாசல் கேட்டருகே சூடம் ஏற்றினார். "நான் உசுரோட இருக்கற வரைக்கும் அவ இந்த வாசல மிதிக்கக்கூடாது" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். வரிசை முழுக்கப் பார்த்தது. அதன்பிறகு அந்த வீட்டில் செல்வி என்ற பெயர் ஒலிக்கவில்லை.

பெயர் சொல்லாமல் பேசுவது தோட்டத்து மனிதர்களுக்குப் பழகியதுதான். லயத்து வீடுகளில் சுவர் என்பது ஒற்றைப் பலகை. இந்த வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் சுக்குத் தட்டுவார்கள். அங்கே யாரும் தன் வீட்டு விஷயத்தைத் தன் வீட்டு விஷயமாகப் பேசமுடியாது. திரை கட்டிக் காட்டிய படத்தில் யாரோ ஒருத்தி செய்ததாகத்தான் பேசவேண்டும். மாமியாரைத் திட்டவேண்டுமா, படத்தில் வந்த மாமியாரைத் திட்டு. புருஷனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமா, படத்தில் வந்த பெண்டாட்டி செய்தது தப்பு என்று அவன் காதில் விழும்படி சொல். பலகைச் சுவரை விட்டு வந்தோம். செங்கல் சுவருக்குள்ளும் அப்படியே பேசினோம். படித்த நானும் அப்படித்தான். ராஜாமணியோடு எனக்கிருந்த சச்சரவுகளில் பாதி, தொலைக்காட்சித் தம்பதிகளின் பெயரிலேயே தீர்ந்தன.

அதனால் அஞ்சலை அக்கா மாறத் தொடங்கியபோது, அதை நாங்கள் உடனே கவனித்தோம். கவனிக்காததுபோல் இருந்தோம்.

ஒருநாள், "நிப்பாட்டு" என்று யாரும் சொல்லாமலே அவரே நிறுத்தினார். பழைய நினைவாக வரும் காட்சி. நல்லவன் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். அக்கா படத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினார்.

"தட்டத்தான் பாக்குறான். எந்திரிக்கிறான். கை களுவப் போறான். ஒரு தடவகூட அவ மூஞ்சப் பாக்கல."

மண்டோர் மாமா, "பசியில இருப்பான் லா" என்றார்.

"தெனமுமா அண்ணே?"

ராஜாமணி என்னைப் பார்த்தாள். நான் கச்சாங் பூத்தே பொட்டலத்தில் உடைந்த முறுக்கைத் தேடினேன். புந்தோங்கில் வாங்கியது. எப்போதும் முறுக்குதான் முதலில் தீரும், கடலை மிஞ்சும்; ஏன் என்று இன்றுவரை தெரியாது.

இன்னொரு நாள், மூக்குத்தி மழையில் நனைந்துகொண்டே எங்கோ நடக்கிறாள். அக்கா முணுமுணுத்தார்: "காசியான் லா, பாவம். அவளுக்கு மளையில நனஞ்சா சளி புடிச்சிக்கும்." மூக்குத்திக்குச் சளி பிடிக்கும் என்று தொடரில் எங்கும் வரவில்லை.

பிறகு ஒருநாள், மற்றவர்கள் கிளம்பியதும் என்னை நிறுத்திக் கேட்டார். "கோர்ட்டு தம்பி, ஒங்க கோர்ட்டுல ஒரு தடவ சொன்னதத் திருப்பிக்கலாமா?"

"திருப்பிக்கலாம்க்கா. அதுக்கு மனு போடணும். ஆனா சும்மா மனசு மாறிருச்சின்னு சொன்னா எடுக்கமாட்டாங்க. புதுசா ஒரு காரணம் காட்டணும்."

"காரணம் வேணும்."

"ஆமாக்கா."

தலையை ஆட்டிக்கொண்டார். எனக்குத் தெரிந்த எல்லா நடைமுறைகளிலும் உத்தரவை ரத்து செய்ய ஒரு வழி இருக்கிறது. அணைத்த சூடத்துக்கு இல்லை. அதை அவரும் அறிவார்.

அடுத்த வாரமே அவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கதை முடியப்போகிறது என்று பாய் சொல்லியிருந்தார். கூடம் நிறைந்திருந்தது. படத்தை நிறுத்தி, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அஞ்சலை அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இங்க பாருங்க. கதவச் சாத்துனது சரின்னு நான் சொல்றேன். ராஜாமணி தப்புன்னு சொல்றா. கடைசியில அந்தப் பெரிய பொட்டு கதவத் தொறந்துட்டா, நான் தோத்தேன்னு ஒத்துக்குறேன். தோத்தா தோத்ததுதான். எல்லாருக்கும் முன்னால ஒத்துக்குறேன்."

எனக்குப் புரிந்தது. ராஜாமணிக்குப் புரிந்தது. மண்டோர் மாமாவுக்கே புரிந்தது, வாழ்நாளில் முதல்முறையாக அவர், "தொறக்கட்டும் லா. பொம்பளப் புள்ள, எத்தன நாளைக்கி வெளிய நிக்கும்?" என்றார். செல்வியின் பெயரை யாரும் சொல்லவில்லை. அஞ்சலை அக்கா தோற்க ஆசைப்பட்டார். நாங்கள் எல்லாரும் அவர் தோற்கவேண்டும் என்று ஆசைப்பட்டோம். வழக்காடும் இரு தரப்பும் ஒரே தீர்ப்புக்காகக் காத்திருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடைசி வட்டு வர வெகுநாள் ஆனது. பாய்க்கு அங்கிருந்து சரக்கு ஒழுங்காக வரவில்லை. இங்கே அதிகாரிகள் கடைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக அவர் கொடுத்த வட்டின்மேல் கறுப்பு மையில், அவருடைய கோணல் எழுத்தில், 'முற்றும்' என்று எழுதியிருந்தது.

அன்று அஞ்சலை அக்கா நல்ல சேலை கட்டியிருந்தார். கேசரி கிண்டியிருந்தார். குமாரை எங்கும் போகவேண்டாம் என்று வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார். தங்கை எண் அவனிடம்தான் இருந்தது. நாங்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மூக்குத்தி வாசலுக்கு வருகிறாள். 'அம்மா' என்கிறாள். பெரிய பொட்டு ஜன்னல் வழியே பார்க்கிறாள். உள்ளே போகிறாள். பூஜை விளக்கு முன்னால் நிற்கிறாள். ஜன்னலைச் சாத்துகிறாள். வீணை அழ, உறுமி உறும, அவள் முகம் திரை முழுக்க உறைந்தது. வட்டு நின்றது.

எல்லா நாளும் அந்தத் தொடர் அப்படி ஒரு முகம் உறைந்துதான் முடியும். அது யாருக்கும் தோன்றவில்லை. முற்றும் என்று எழுதியிருந்ததே. தோட்டத்திலிருந்து வந்த சனம், எழுத்தில் இருந்தால் நம்பும். நானோ எழுத்தைத் தவிர வேறெதையும் நம்பாத இடத்தில் சம்பளம் வாங்கியவன்.

மண்டோர் மாமாதான் முதலில் பேசினார். "அப்பறம் என்னா, நீதான் ஜெயிச்சிட்டியே அஞ்சல."

"ஜெயிச்சிட்டேனா?" என்றார் அக்கா. பிறகு, "கேசரி இருக்கு, எடுத்துக்குங்க" என்றார். குமார் எழுந்து வெளியே போனான்.

ராஜாமணி மட்டும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "கதைதானேக்கா. எழுதுனவன் கிறுக்கன்" என்றாள். அக்கா சொன்னார்: "சொன்ன சொல்லு இருக்குல்ல." மறு வாரம் அவர் வட்டு எடுத்துவரச் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கூடத்தில் கொசுவர்த்தி எரிவது நின்றது. கொஞ்ச நாளில் பாயும் கடையைச் சாத்தினார். வீட்டுக்கு வீடு கூரையில் தட்டு வைத்து, அவரவர் தொடரை அவரவர் வீட்டில் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது மூக்குத்தி பழைய கதையாகியிருந்தாள்.

சில ஆண்டுகள் கழித்து அஞ்சலை அக்கா இறந்தார். சர்க்கரை, பிறகு சிறுநீரகம், இந்த மருத்துவமனையில்தான். இறப்பைப் பதிவு செய்வதிலிருந்து சுடலைக்கு நேரம் வாங்குவது வரை எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். எந்தச் சன்னலுக்கு எந்தத் தாள் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வேலைகளில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. துக்கத்துக்கு அங்கே வரிசை கிடையாது.

கூடத்தில் உடல் கிடந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு வேட்டி போர்த்தியிருந்தார்கள். செல்வி வந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். வெளியே பார்த்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம், சாலையில், ஒரு பையோடு நின்றாள். குமார் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. ராஜாமணி போய் அவள் கையைப் பிடித்தாள். நானும் பின்னால் போனேன்.

"உள்ள வா செல்வி. அம்மா காத்துக்கிட்டு இருக்கு."

"அம்மா வரச் சொல்லலையே அக்கா." அவள் அழவில்லை. பேருந்தில் அழுது முடித்திருக்கவேண்டும். "சொல்லும்னுதான் நெனச்சேன். எங்கம்மாவுக்கு நேராப் பேச வராது, படத்த வச்சித்தான் பேசும். அந்த சீரியல் ஆஸ்டல்ல டிவியில போட்டாங்க. கடைசி நாளு அந்தம்மா கதவத் தொறந்துச்சே. எங்கம்மாவும் பாத்திருக்கும், இப்ப கூப்புடும்னு, மறுநா வேலைக்கிக்கூடப் போகாம போனப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன் அக்கா."

ராஜாமணியின் பிடி தளர்ந்தது.

"தொறந்துச்சா?" என்றாள்.

"தொறந்துச்சே. நீங்க பாக்கலையா? ஜன்னலச் சாத்திட்டு, மறுநா காலையில தொறக்கும்."

ராஜாமணி அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வட்டைப் பற்றி, கேசரியைப் பற்றி, நல்ல சேலையைப் பற்றி எதுவும். கையை மறுபடி இறுக்கிப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வாசற்படியில் செல்வி ஒரு கணம் நின்று, காலைத் தூக்கி, படியை மிதிக்காமல் தாண்டி வைத்தாள். சாகும்வரை ராஜாமணி திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான்: "அப்பக்கூட மிதிக்கலைங்க."

பாய் ஏன் அப்படி எழுதினார் என்று யோசித்திருக்கிறேன். அடுத்த வட்டு வராது என்று தெரிந்திருக்கும். வாரா வாரம் வந்து நிற்கிறவர்களிடம் இல்லை என்று சொல்ல மனமில்லாமல், கையில் இருந்ததையே கடைசி என்று எழுதிக் கொடுத்திருப்பார். நல்ல மனிதர். விசாரிக்கலாம் என்று பிறகு போனேன். அந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கும் கடை இருந்தது.

மருத்துவமனையில் விட்ட இடத்துக்குத் திரும்பி வருகிறேன். அந்தப் பெண் சொன்னாள்: "இதான் அங்கிள் லாஸ்ட் எபிசோடு. பாக்குறீங்களா?" என் பக்கம் கைப்பேசியைச் சாய்த்தாள்.

உள்ளங்கை அளவுத் திரையில் பெரிய பொட்டு பூஜை விளக்கை ஏற்றினாள். வாசல் பக்கம் திரும்பினாள். நடந்தாள். நல்ல நடிகை, காலில் அத்தனை தயக்கம். கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று.

"நிப்பாட்டும்மா" என்றேன்.

அவள் பயந்துபோய்க் கட்டைவிரலை வைத்தாள். "ஏன் அங்கிள், என்னாச்சு?"

படம் நின்றது. தாழ்ப்பாளில் கை. நிறுத்தினால் பேசவேண்டும், அதுதான் வழக்கம். நான் வலப்பக்கம் திரும்பினேன். ராஜாமணி போய் இது இரண்டாவது தீபாவளி. மண்டோர் மாமா அவளுக்கும் முன்பே போய்விட்டார். அந்த வரிசையில் அஞ்சலை அக்கா வீட்டைக் குமார் விற்றுவிட்டான். கேட்டை மாற்றியிருக்கிறார்கள், கூடத்தை முன்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். என் வலப்பக்கம் இருந்தது காலி நாற்காலி. அதற்கப்பால் இருந்தவர்கள் எல்லாரும் காதை அடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு திரையைப் பார்த்து, தனித்தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓடவிடட்டுமா அங்கிள்?"

எண் காட்டும் திரையில் என் எண் வந்திருந்தது. எவ்வளவு நேரமாக வந்திருந்ததோ தெரியவில்லை. எழுந்து போகவேண்டும், போகாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள், பிறகு மறுபடி முதலிலிருந்து எண் வாங்கவேண்டும். முறை எனக்குத் தெரியும்.

"கொஞ்ச நேரம் அப்பிடியே இருக்கட்டும்மா" என்றேன்.